பொம்மை வார்த்தவள்

பிள்ளையார் சோறு போட்டு வளர்ந்தவர் நாம்!

நகைக்காதீர், தோழர்களே! மேடையேறிப் பகுத்தறிவு பேசுகிற வாயிலிருந்து இப்படியொரு வாக்குமூலமா என்று புருவத்தை நெரிக்கவும் வேண்டாம். உள்ளதை உள்ளபடி உரைக்கிறோம். விருத்தாசலத்துப் பீங்கான் தொழிற்பேட்டையை அடுத்த சின்னஞ்சிறு பட்டறை ஒன்றில், அச்சில் வார்த்தெடுத்த பொம்மைகளுக்குப் பிசிறு சீவிக் கூலி பெற்றவள் நம் அன்னை. கூலி நாள் கணக்கன்று, டசன் கணக்கு. பிள்ளையார் பெருகினால் உலை கொதிக்கும். பிள்ளையார் குறைந்தால் வயிறு கொதிக்கும். நவராத்திரிக்கு நான்கு திங்கள் முன்பே கலைமகள் வருவாள், திருமகள் வருவாள், தொந்தி சரிந்த செட்டியாரும் அவர்தம் இல்லக்கிழத்தியும் வருவர். எல்லோரும் உச்சந்தலையில் தொடங்கி விலா வழியே இறங்கும் அச்சுத் தழும்போடு பலகையில் வரிசையாக நிற்பர். அன்னையின் கையிலிருந்த தேய்ந்த கத்தி அத்தழும்பை மழிக்கும். ஈரப்பஞ்சு தடவிக் கொடுக்கும். கடவுளருக்குச் சவரம் செய்தவள் என்று பிற்காலத்தில் நாம் கேலி பேசியதுண்டு. அந்தக் கேலி நம்மிடமே திரும்பி வந்த கதையைத்தான் இங்கே சொல்ல வந்தோம்.

ஊரைப் பற்றி முதலில் ஒரு சொல். முதுகுன்றம் என்று பெயர் வைத்தான் தமிழன். முதுமையை ‘விருத்தம்’ ஆக்கி, குன்றத்தை ‘அசலம்’ ஆக்கி, விருத்தாசலம் என்று மாற்றிவிட்டனர். மாற்றிய பெயரே நிலைத்தது. நாமும் அதையே எழுதுகிறோம், பழக்கத்தின் பலம் அப்படி! மணிமுத்தாறு ஓடுகிறது; ஓடுகிறது என்பது மழைக்காலத்து மொழி, மற்றைய நாளில் மணல் கிடக்கிறது. சென்னையிலிருந்து திருச்சிக்குச் செல்லும் இருப்புப்பாதையில், கடலூருக்கும் சேலத்துக்கும் கிளை பிரியும் சந்திப்பு இவ்வூர். பழமலைநாதர் கோயிலைத் தேடி இறங்குவோர் பலர். பீங்கானைத் தேடி இறங்குவோர் சிலர். அந்தச் சிலரால் வாழ்ந்தது நம் தெரு.

பக்கத்திலேயே நெய்வேலி. 1956 ஆம் ஆண்டு நிறுவனம் தோன்றி, 1961 இல் பழுப்பு நிலக்கரி கண்ணில் பட்டது. உலகம் கண்டது கரியைத்தான். கரியை எட்டுவதற்காகத் தோண்டி எறிந்த மேல்மண்ணில் வெண்களிமண்ணும் இருந்ததை நம்மவர் கண்டனர். கறுப்பு, நாட்டுக்கு விளக்கேற்றப் போயிற்று. வெள்ளை, நம் பட்டறைக்கு வந்தது. மின்சாரப் பெட்டியில் செருகும் ப்யூஸ் கட்டை, ஊறுகாய் ஜாடி, தேநீர்க் கோப்பை, கொலுப் பொம்மை என்று உருவெடுத்தது. இதைப் பாடமாகவே பயிற்றுவிக்க அரசு பீங்கான் தொழில்நுட்பக் கல்லூரியும் ஊரில் உண்டு. அன்னை அந்தக் கல்லூரியின் வாயிற்படியை மிதித்தவளல்லள். ஆனால் மண் அவளுக்குப் பேசும்.

பொம்மை எப்படிப் பிறக்கிறது, தெரியுமா? மண்ணை நீரில் கரைத்துப் பாகு போன்ற குழம்பாக்குவார்கள். இரண்டு பாதியாக உள்ள பிளாஸ்டர் அச்சை இறுகக் கட்டி, அதன் வாயில் குழம்பை ஊற்றுவார்கள். பிளாஸ்டர் நீரை உறிஞ்சும். நீர் போன மண், அச்சின் உட்சுவரில் தோலாகப் படியும். சில நிமிடம் பொறுத்து அச்சைக் கவிழ்த்தால், நடுவில் நின்ற குழம்பு வெளியே ஓடிவிடும். எஞ்சுவது ஒரு தோல். கையும் காலும் துதிக்கையும் கொண்ட தோல். உள்ளே காற்று! உலர்ந்து, சூளையேறி, ஐந்நூறு அறுநூறு டிகிரி வெப்பத்தில் மண்ணோடு இரண்டறக் கலந்திருந்த நீரும் விடைபெறும். அதன்பின் எத்தனை ஊழி ஊறினாலும் அது மீண்டும் மண்ணாகக் குழையாது. ஆயிரத்து இருநூறைத் தாண்டினால் கண்ணாடிபோல் இறுகிப் பீங்கானாகும். மந்திரமில்லை, மாயமில்லை, நெருப்பும் நேரமும்தான்.

பதினேழாம் வயதில் இந்தக் கணக்கெல்லாம் நமக்குத் தெரியாது, தெரிந்ததெல்லாம் மேடைப்பேச்சு. படிப்பகத்தில் ஏடுகள் படித்துப் படித்து ஏறிய சூடு தலையில். ஓரிரவு, இரண்டு டசன் பிள்ளையாரை வீட்டுக்கே கொண்டுவந்து, விளக்கடியில் பிசிறு சீவிக்கொண்டிருந்த அன்னையின் எதிரே நின்று முழங்கினோம்: “மூடத்தனத்துக்கு முட்டுக்கொடுக்கும் கைகள் இவை! கல்லும் மண்ணும் கடவுளென்று காட்டும் கயமைக்குக் கூலிவேலை செய்வதா? நாளையே விட்டுவிடுங்கள் அம்மா!”

அன்னை கத்தியைக் கீழே வைக்கவில்லை. நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

“ஏண்டா, இதுக்குள்ள சாமி இருக்குதுன்னு நானா சொன்னேன்? ஊத்துனவ நான். கவுத்து வடிச்சவ நான். உள்ள என்ன இருக்குதுன்னு எனக்குத் தெரியாதா? ஒண்ணுமில்ல. வெறுங்கூடு. காசு குடுத்து வாங்கிப் போறானே, அவன் வீட்ல போய்ச் சொல்லு இதை.”

சொல்லிவிட்டு அடுத்த பிள்ளையாரை எடுத்தாள். நமக்கு நாவடைத்தது. நூறு நூல் படித்து நாம் ஏறிய இடத்தில் அவள் முப்பது ஆண்டாக அமர்ந்திருந்தாள்! வணங்குகிறவன் தொலைவில் நின்று பார்க்கிறான். வார்க்கிறவள் உள்ளே பார்க்கிறாள். இது ஏன் நமக்குத் தோன்றவில்லை? கூலிக்காரிக்குக் கருத்து இருக்காது என்று நாம் எண்ணியிருந்தோம். சாதித் திமிரை எதிர்த்துப் பேசியவர் நாம். படித்தவன் திமிர் நம் தோளில் அமர்ந்திருந்ததைக் காணவில்லை.

மண்ணுருவம் எந்த நொடியில் மாண்புருவம் ஆகிறது என்ற கேள்வி நீதிமன்றம் வரைக்கும் ஏறிய நாடு இது. 1953 மே 27 அன்று பெரியார் பிள்ளையார் பொம்மையை உடைத்தார். அது களிமண் பொம்மை. வழக்கு வந்தது. கோயிலில் வைத்து வணங்கப்படாத வெறும் மண்ணுருவம் புனிதப்பொருள் ஆகாது என்றன கீழ்மன்றங்கள். 1958 இல் உச்சநீதிமன்றம் அந்தப் பொருள்கோளை ஏற்கவில்லை. ஒரு பிரிவினர் புனிதமெனக் கருதினால் போதும் என்றது. ஆயினும் காலம் கடந்ததென்று வழக்கை மேலும் நடத்த விடவில்லை. அத்தனை வாதத்திலும் பொம்மை வார்த்தவரை யாரும் சாட்சிக் கூண்டுக்கு அழைத்ததாகத் தெரியவில்லை. அழைத்திருந்தால் ஒரு வரியில் முடிந்திருக்கும் என்று நமக்கு ஓர் ஆசை!

இவ்வூரின் பெயரையே இயற்பெயராகக் கொண்ட ஓர் எழுத்தாளர் உண்டு. சொ. விருத்தாசலம் என்றால் விழிப்பீர்கள். புதுமைப்பித்தன் என்றால் தெரியும். அவருடைய ‘சிற்பியின் நரகம்’ படித்திருக்கிறீர்களா? வாழ்நாளெல்லாம் கனவு கண்டு ஒரு கூத்தனை வடிக்கிறான் சிற்பி சாத்தன். கோயிலுக்குள் போன பிறகு அவ்வடிவை எவரும் காணவில்லை. ஆளாளுக்கு மோட்சம் கேட்கிறார்கள். கலைஞனுக்கு அதைவிட வேறு நரகம் வேண்டுமா? அக்கதையை முதன்முதல் படித்தபோது சாத்தனுக்காகக் கலங்கினோம். இப்போது நினைத்தால், சாத்தனாவது பெயருடையவன். டசன் கணக்கில் சீவுகிறவளுக்கு நரகத்திலும் இடமில்லை.

2010 ஆம் ஆண்டு அக்டோபர் திங்கள். பேருந்து நிலையத்தருகே ஓர் இணைய மையம். மணிக்கு இத்தனை ரூபாய் என்று கட்டணம். வேறெதையோ தேடப்போன இடத்தில் ஒரு படம் கண்ணைப் பிடித்து இழுத்தது. இலண்டனில் டேட் மாடர்ன் என்னும் கலைக்கூடம். அதன் பெருங்கூடத்துத் தரையெங்கும் சாம்பல் நிறக் கடல்போல ஏதோ கிடக்கிறது. அருகில் போய்ப் பார்த்தால் சூரியகாந்தி விதை. இன்னும் அருகில் போனால் விதையன்று, பீங்கான்! பத்துக் கோடி பீங்கான் விதைகள். ஒவ்வொன்றும் கையால் தீட்டப்பட்டது. செய்வித்தவர் அய் வெய்வெய் என்னும் சீனச் சிற்பி. செய்தவர்களோ, சிங்தெசென் என்னும் பீங்கான் நகரத்து மக்கள் ஏறத்தாழ ஆயிரத்து அறுநூறு பேர். இரண்டாண்டுக்கு மேல் உழைத்தார்கள். ஒரு காலத்தில் மாவோவைச் சூரியனாகவும் மக்களைச் சூரியகாந்தியாகவும் ஓவியம் தீட்டிய நாடு அது. சூரியனை நோக்கியே தலையைத் திருப்பியவர்களை விதையாக்கித் தரையில் பரப்பிவிட்டார் சிற்பி. ஒன்றைப்போல் ஒன்று தோன்றும். எடுத்துப் பார்த்தால் ஒன்றைப்போல் ஒன்றில்லை.

பரவசத்தோடு படத்தை அச்செடுத்து வீட்டுக்கு ஓடினோம். பீங்கான் நகரத்துக்கு இப்படியும் ஒரு பெருமையா! நம் ஊரும் ஒரு நாள்… என்றெல்லாம் அளந்தோம். அன்னை தாளைக் கண்ணருகே வைத்துப் பார்த்தாள். இரண்டு கேள்வி கேட்டாள்.

“எண்ணிக் கூலியா, எடைக்குக் கூலியா?”

விடை தெரியவில்லை.

“மேல நடக்கிறாங்களே, தூசி பறக்காது?”

அதற்கு விடை சில நாளில் வந்தது. திறந்து வைத்த ஓரிரு நாளிலேயே மக்கள் விதைமேல் நடக்கத் தடை விதித்தார்கள். மிதிபட்டு எழும் பீங்கான் தூசி நுரையீரலுக்குத் தீங்காம்! கயிறு கட்டி, தொலைவில் நிறுத்திக் காட்டினார்களாம்.

அதைப் படித்த மாலையில் அன்னை இருமிக்கொண்டிருந்தாள்.

புதிய இருமலன்று அது. உலர்ந்த பொம்மையைச் சீவும்போதும் உப்புத்தாள் போட்டுத் தேய்க்கும்போதும் எழும் வெண்தூசி, முப்பது ஆண்டாய் அவள் மூச்சோடு போய் வந்தது. வந்ததைவிடப் போனது மிகுதி. பனிமூட்டம்போல் பட்டறையில் மிதக்கும் அத்தூசியில் மணற்சத்து உண்டு. நுரையீரலில் தங்கி வடுவாகும். வடுவைத் தேய்த்தெடுக்க எந்தக் கத்தியும் இல்லை. சிலிகோசிஸ் என்று அதற்குப் பெயர். 1948 ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டமே அந்நோயை, கண்டால் அரசுக்கு அறிவிக்க வேண்டிய நோய்களின் பட்டியலில் சேர்த்தது. ஆனால் பத்துப் பேர்கூட இல்லாத பட்டறை அச்சட்டத்தின் கண்ணுக்குத் தொழிற்சாலை ஆகவில்லை. எட்டுப் பேர் மூச்சு மூச்சாகவில்லை! பார்க்க வந்தவர் ஒரு நாள் மிதிக்கவும் ஆகாதென்று அங்கே கயிறு கட்டினார்கள். இங்கே மூக்கில் கட்டிக்கொள்ள நம் அன்னைக்கு அவளுடைய முந்தானைதான் கிடைத்தது. இலண்டனைக் குறைகூறவில்லை நாம். தூசி தீதென்று கண்டவுடன் தடுத்தவர்கள் அவர்கள். கயிறு ஏன் நம் ஊருக்கு வந்து சேரவில்லை என்றுதான் கேட்கிறோம்.

அதன்பின் இணையத்தில் நாம் தேடியது அழகை மட்டுமன்று. செய்த கையையும் தேடினோம். தேடத் தேடக் கிடைத்தது. இணையத்திலேயே பிறந்து இணையத்திலேயே வாழும் கலையென்று ஒன்று இருப்பதும் அப்போதுதான் தெரிந்தது. 2006 இல் ஆரன் கோப்லின் என்னும் அமெரிக்கர், முகம் தெரியாத ஆயிரக்கணக்கானோருக்கு இணையத்தின் வழியே ஒரு வேலை கொடுத்தார்: இடப்புறம் நோக்கி நிற்கும் ஆடு ஒன்று வரைக! ஓர் ஆட்டுக்கு இரண்டு சென்ட் கூலி. பத்தாயிரம் ஆடுகள் சேர்ந்தன. ‘ஆட்டுச் சந்தை’ என்று பெயரிட்டுக் காட்சிக்கு வைத்தார். உற்றுப் பாருங்கள்: ஓர் ஆடு சிரிக்கிறது, ஓர் ஆட்டுக்குக் கால் ஐந்து. இரண்டு சென்ட் கூலிக்குள்ளும் மனிதன் விளையாடாமல் இருக்கவில்லை! பிறகு அந்த ஆடுகளை விற்பனைக்கு வைத்தபோது, வரைந்தவர் சிலர் “நம் ஆட்டை விற்கிறார்கள்” என்று குமுறினார்களாம். டசன் கணக்கு விருத்தாசலத்தில் மட்டும் இல்லை என்று அன்று அறிந்தோம்.

ஆன்டனி கார்ம்லி என்னும் ஆங்கிலச் சிற்பி வேறு வழி கண்டார். களிமண்ணை மக்கள் கையில் கொடுத்தார். சொன்ன விதிகள் சிலவே. கைக்கு அடங்கும் அளவு, தானே நிற்க வேண்டும், இரண்டு கண் குத்த வேண்டும். 1993 இல் இங்கிலாந்தின் செயின்ட் எலன்ஸ் பகுதியில் குடும்பம் குடும்பமாக வந்து பிசைந்த உருவங்கள் ஏறத்தாழ நாற்பதாயிரம். 2003 இல் சீனத்துக் குவாங்சோ வட்டாரத்து மக்கள் செய்தவை இரண்டு இலட்சம் அளவில். அத்தனையும் ஒரே கூடத்தில் நெருக்கி நின்று, வாசலில் வந்து நிற்பவனை நிமிர்ந்து பார்க்கின்றன. பார்க்க வந்தவன் பார்க்கப்படுகிறான்! கொலுப்படியில் நாம் பொம்மையைப் பார்க்கிறோம். இங்கே பொம்மை நம்மை விசாரிக்கிறது.

அய் வெய்வெய்யையும் விட்டுவிட மனம் வரவில்லை. 2008 இல் சிச்சுவான் நிலநடுக்கத்தில் பள்ளிக்கட்டடங்கள் இடிந்து பிள்ளைகள் மாண்டபோது, எத்தனை பேர் என்று அரசு வாய்திறக்கவில்லை. இவர் ஆள் திரட்டி வீடு வீடாய்க் கேட்டு, ஐயாயிரத்துக்கு மேற்பட்ட பிள்ளைகளின் பெயரைத் திரட்டி இணையத்தில் வெளியிட்டார். 2009 இல் அவருடைய இணைய ஏட்டை மூடினார்கள். கல்லில் செதுக்குவதுதான் சிற்பமா? ஒரு பெயர்ப்பட்டியலும் சிற்பந்தான் என்று நமக்குத் தோன்றியது அன்று.

நம் நாட்டிலும் இல்லாமல் இல்லை. சென்னைக் கடற்கரையில் 1959 இல் திறக்கப்பட்ட உழைப்பாளர் சிலையை அறியாதார் யார்? பாறையை நெம்பும் நால்வர். வடித்தவர் தேவிபிரசாத் ராய் சௌத்ரி. சென்னைக் கலைக்கல்லூரியில் அவர் காலத்தில் பயின்று, அங்கேயே ஆசிரியராகவும் விளங்கிய தனபால் வடித்த பெரியார் தலையைப் பாருங்கள். மெருகிட்டு மழிக்காத முகம்; சிற்பியின் விரல் போன தடம் அப்படியே தெரியும். பிசிறு சீவாத சிலை! அதன் படத்தைக் கண்டபோது அன்னை சிரித்தாள். “இதை எங்க பட்டறையில செஞ்சிருந்தா கூலி பிடிச்சிருப்பான்” என்றாள்.

இனி, குளவி. பொருள் மாறிவிட்டோமோ என்று மிரள வேண்டாம்.

நம் வீட்டுச் சன்னல் மூலையில் ஆண்டுதோறும் ஒரு குளவி மண்கூடு கட்டும். வாயில் ஈரமண் உருண்டை கொணர்ந்து, விளிம்பு விளிம்பாய் வளைத்து, எலுமிச்சை அளவில் ஒரு குடம். வாய் சற்றே விரிந்த கழுத்து. சக்கரமில்லை, அச்சில்லை, அளவுகோலில்லை. குடத்துக்குள் பச்சைப் புழுக்களைக் கொண்டுவந்து அடைத்து வாயை மூடிவிடும். சில நாள் கழித்துக் குளவியொன்று துளையிட்டு வெளிவரும். உடனே கதாகாலட்சேபக்காரர்களுக்குக் கொண்டாட்டம்! கொட்டிக் கொட்டிப் புழுவைக் குளவியாக்கிவிட்டதாம். அதுபோல் குரு தொட்டுத் தொட்டுச் சீடனைச் சிவமாக்குவாராம். தலைமுறை தலைமுறையாய் இந்த உவமை. கூட்டைப் பிரித்துப் பார்க்க ஒருவருக்கும் தோன்றவில்லை.

பிரித்துப் பார்த்தவர் பிரெஞ்சு நாட்டு ஃபாப்ர் (1823–1915). என்ன கண்டார்? குளவி கொட்டியது புழுவை மயக்க மட்டுமே. செத்தால் அழுகும், உயிரோடு முடங்கினால் கெடாது. கூட்டின் மோட்டிலிருந்து மெல்லிய நூலில் தொங்குகிறது ஒரு முட்டை. அதிலிருந்து வெளிவரும் குஞ்சு, கீழே குவிந்து கிடக்கும் புழுக்களைத் தின்று வளர்ந்து குளவியாகிறது. சீடன் சிவமாகவில்லை, தோழர்களே. சீடன் குருவின் பிள்ளைக்கு உணவாகிறான்! உவமை சொன்னவர்கள் அறியாமல் உண்மையைச் சொல்லிவிட்டார்களோ?

ஆயினும் அந்தக் கூட்டின் அழகு குறைந்ததா? இல்லை, உண்மை தெரிந்தபின் கூடிற்று. நூலில் தொங்கும் முட்டையைவிடப் புராணத்தில் வியப்பு ஏது? இயற்கையைப் பார்ப்பதற்குக் கண்ணை மூட வேண்டியதில்லை.

இதை அன்னையிடம் சொன்னோம். கூட்டைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். சுவரின் கனத்தை நகத்தால் தட்டிப் பார்த்தாள். “சமமா எடுத்திருக்கா” என்றாள். ஒரு கைவினைஞர் இன்னொருவருக்குக் கொடுத்த சான்று அது.

அப்போதுதான் கேட்டோம்: “அம்மா, அச்சில்லாமல் நீங்களாக ஏதாவது செய்ததுண்டா?”

இலட்சக்கணக்கில் பொம்மை அவள் விரல் வழியே போயிருக்கும். ஒன்றுகூட அவளுடையதன்று. “என்னை யாரு கேட்டா?” என்றாள். கோபமில்லை அக்குரலில். தகவல் சொல்வதுபோல் சொன்னாள். மகனாகிய நாமும் அதுவரை கேட்டதில்லை. சிங்தெசென்னைக் கேட்டோம், இலண்டனைக் கேட்டோம். சமையற்கட்டில் இருந்தவளைக் கேட்கவில்லை.

ஒரு பிடி மண் வாங்கி வந்தோம். மூன்று நாள் ஈரத்துணியில் சுற்றியே கிடந்தது. “எனக்கு வராது” என்று தள்ளித் தள்ளி வைத்தாள். நான்காம் நாள், நாம் வெளியே போயிருந்தபோது செய்துவிட்டாள். எலுமிச்சை அளவில் ஒரு குடம். கழுத்து சற்றே விரிந்தது. குளவிக் கூடு! ஆனால் குளவி செய்யாததை அவள் செய்திருந்தாள்: பக்கவாட்டில் கட்டைவிரலை ஆழ அழுத்தி எடுத்த ஒரு குழி. ஏன் என்றோம். “பிடிச்சுக்க” என்றாள்.

அடியில் பெயர் எழுதச் சொன்னோம். எழுத்தறியாதவள். கையைப் பிடித்துத் தென்னை ஈர்க்கால் எழுத வைத்தோம். இரண்டெழுத்து பெரிதாக விழுந்தது, மூன்றாவதற்கு இடமில்லை. மீண்டும் அழித்து எழுதலாமென்றோம். “வேணாம், அடியில மெலிஞ்சா வெடிச்சிடும்” என்று தடுத்துவிட்டாள்.

அவள் வேலை செய்த பட்டறையிலேயே, ப்யூஸ் கட்டைகளுக்கு நடுவே ஒரு மூலையில் வைத்துச் சுட்டோம். சூளையில் இடம் பிடித்ததற்குக் காசு கேட்டார்கள். முப்பது ஆண்டு உழைத்தவளின் பொருளென்று நாம் வாதாடப் போனோம்; அன்னை முந்தானை முடிச்சை அவிழ்த்துக் கொடுத்துவிட்டாள். அடுத்த மழைக்காலத்துக்குப் பின் அவள் இல்லை. குடம் நம் எழுத்து மேசையில் இருக்கிறது. சன்னல் குளவி ஒருமுறை அதன் வாயில் வந்து அமர்ந்து, உள்ளே எட்டிப் பார்த்துவிட்டுப் பறந்து போயிற்று.